கடைசி அத்தியாயத்தைப் படித்தவர்

வங்காள வருஷப் பிறப்பான போய்ஷாக் முதல் நாள் காலையில் ஷெபந்தி மாஜி மூன்று முறை புடவையை அவிழ்த்துக் கட்டினாள். பதினெட்டு வருஷமாக விடியற்காலையில் ஊரார் வீட்டுப் படியேறிப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறவள். கிழவிகளின் கையில் நூலிழை மாதிரி ஓடும் நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட கைக்கு அன்றைக்கு ஒரு கொசுவம் படியமாட்டேன் என்றது.

"என்ன தீதி, மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து வர்றாங்களா?" என்றான் தம்பி ஹாபுல், தேநீர்க் கோப்பையோடு வாசற்படியில் உட்கார்ந்தபடி.

"வாயைக் கழுவிட்டு வா. பாருயி பதிப்பகத்துக் கடையில கூப்பிட்டிருக்காங்க."

ஹாபுலின் சிரிப்பு நின்றுவிட்டது. பட்டுவாடோலா சந்தில் பத்துக்குப் பத்து அறையில் அச்சகம் வைத்திருக்கிறவன் அவன். புத்தகக் கடைத் தெருவான காலேஜ் ஸ்ட்ரீட்டின் நாடி அவனுக்குத் தெரியும். வருஷப் பிறப்பன்றைக்கு அங்கே ஒவ்வொரு பதிப்பாளரும் தன் எழுத்தாளர்களை மட்டும்தான் கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். இளநீர் கொடுப்பார்கள், லுச்சிப் பூரியும் சந்தேஷ் இனிப்பும் கொடுப்பார்கள், ஒரு பெரிய நோட்டை நீட்டி நாலு வரி எழுதி கையெழுத்துப் போடச் சொல்வார்கள். கூப்பிடாதவர்கள் அன்றைக்கு அந்தத் தெருப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். அழைப்பு வந்தால் புத்தகம் வரப்போகிறது என்று அர்த்தம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

"யார் கூப்பிட்டா? திபாகர் பாபுவேவா?"

"அவரேதான். நாலு நாள் முன்னாடி போன் பண்ணினார். 'பத்து மணிக்கு வந்துடுங்க தீதி, சான்யால் மஷாய் வர்றார், நீங்க இல்லாம முடியாது'ன்னார். கேட்டுக்கோ. நான் இல்லாம முடியாதாம்."

ஹாபுல் கோப்பையைக் கீழே வைத்தான். "நல்லது நடந்தா சரி" என்று மட்டும் சொன்னான். அந்தக் குரலில் இருந்த சந்தேகம் ஷெபந்திக்கு எரிச்சலைக் கிளப்பியது. இந்த மூன்று வருஷத்தில் அவன் எத்தனை தடவை சொல்லியிருப்பான், "நானே அச்சடிச்சுத் தர்றேன் தீதி, முந்நூறு பிரதி, பேப்பர் செலவு மட்டும் குடு" என்று. அவள் ஒரு தடவைகூட ஒத்துக்கொள்ளவில்லை. அவனிடம் அச்சடிக்க வருகிறவர்கள் யார் என்று அவளுக்குத் தெரியாதா? மின்சார வாரியத்தில் ஓய்வு பெற்ற மறுநாள் கவிஞராகிறவர்கள். பேரனின் சோறூட்டு விழாவுக்கு வந்தவர்களுக்கு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் விடாமல், இனிப்புப் பெட்டியோடு கவிதைத் தொகுப்பைத் திணிக்கிறவர்கள். அந்த வரிசையில் போய் நிற்கவா அவள் ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதினாள்? தன்னைப் பெற்றவளும் கூடப்பிறந்தவனும் அல்லாத ஒரு ஆள், எழுத்தை மட்டும் பார்த்து, இது புத்தகம்தான் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நாவலின் பெயர் 'வெறும் வயிறு'. அவளைப் போலவே வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற காஜல் என்ற பெண்ணின் கதை. ஒரு பெரிய வீட்டில் அவள் மேல் தோடு திருடிய பழி விழுகிறது. பையைக் கொட்டிச் சோதிக்கிறார்கள், புடவையை உதறச் சொல்கிறார்கள். தோடு பிறகு குளியலறையில் கிடைக்கிறது. மன்னிப்பு கேட்க யாரும் வரவில்லை. பல வருஷம் கழித்து அதே வீட்டு எஜமானி சாகக் கிடக்கும்போது, வேறு யாருக்கும் நரம்பு அகப்படவில்லை என்று காஜலைக் கூப்பிடுகிறார்கள். காஜல் போகிறாள். எஜமானியின் கையில் ரப்பர் கட்டுகிறாள். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு ரப்பரை அவிழ்த்து, சாமான்களைப் பையில் வைத்து, கதவைத் திறந்து போட்டபடியே போய்விடுகிறாள். நாவல் அங்கே முடிகிறது. முடிந்தது. இறந்த காலத்தில்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த முடிவு இப்போது இல்லை.

அதற்குக் காரணம் திபாகர் பாருயி.

மூன்று வருஷம் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஷெபந்தி நாவல் பிரதியைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தாள். கணினியில் ஏற்றி, அச்செடுத்த முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பழக்க தோஷத்தில் அதை ரத்த மாதிரிப் பெட்டியைப் போலவே கட்டினாள். பழுப்பு உறை, குறுக்கே கை கட்டும் நீல ரப்பர், மூடின மடிப்பின் மேல் பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரிகளுக்கு ஒட்டுகிற வெள்ளைச் சீட்டு, சீட்டில் தேதியும் அவள் கையெழுத்தும். திபாகர் பாபு சீட்டைப் பார்த்துச் சிரித்து, "என்ன தீதி, ரத்தமா?" என்று கேட்டார். வேலையைச் சொன்னாள். "அட, எனக்கும் சர்க்கரைதான். மாசாமாசம் லேப்ல போய்க் கால் கடுக்க நிக்கறேன்" என்றார்.

அதிலிருந்து மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை ஆறரைக்கு பாக்பஜாரில் அவர் வீட்டுக்கு அவளே போய் ரத்தம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து எடுப்பதற்கு வாங்க வேண்டிய பணத்தை வாங்கவில்லை. அவரும் ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. ஊசி உள்ளே இருக்கும்போதுதான் நாவலைப் பற்றிச் சேதி சொல்வார். முதல் ஆறு மாதம், "உங்க பேர் லிஸ்ட்ல இருக்கு தீதி, அவசரப்படாதீங்க." பிறகு, "முதல் ரீடர் படிச்சுட்டார், கண்ணுல தண்ணி வந்துடுச்சாம்." பிறகு, "சான்யால் மஷாய்கிட்டயே கொடுத்திருக்கேன்." ரேபதிரமண் சான்யால்! எந்தப் பத்திரிகையின் துர்கா பூஜை மலரைப் பிரித்தாலும் முதல் நாவல் அவருடையதுதான். அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது ஷெபந்தி பெல்கரியாவில் இறங்க மறந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போய்விட்டாள்.

பிரதி கொடுத்து ஒன்றரை வருஷம் கழித்து வந்தது தீர்ப்பு. "சான்யால் மஷாய் படிச்சுட்டார். எல்லாம் பிரமாதம்ன்னார். கடைசி அத்தியாயம்தான் ரொம்ப இருட்டா இருக்காம். வாசகனுக்கு ஒரு விளக்கு ஏத்தி வைக்கணுமாம். அதை மட்டும் மாத்திக் கொடுத்துட்டா..."

மாற்றினாள். எட்டு மாதம். காஜல் எஜமானியின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அழுது, மன்னித்தாள். எழுதும்போது ஷெபந்திக்கே பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். சான்யால் சொன்னால் அதில் ஏதோ இருக்கும், தனக்குத்தான் பிடிபடவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். புதிய முடிவை ஹாபுலின் கணினியில் ஏற்றியதும் பழையதைத் தன் கையாலேயே அழித்தாள். "ரெண்டும் இருக்கட்டுமே தீதி" என்றான் அவன். "ரெண்டும் இருந்தா மனசு பழசுக்கேதான் ஓடும்" என்றாள். கையால் எழுதிய நோட்டுகள் அதற்கு முந்தைய மழையிலேயே கட்டிலுக்கு அடியில் தண்ணீர் புகுந்து கூழாகியிருந்தன. புதிய அத்தியாயத்தைத் தனி உறையில் போட்டு திபாகர் பாபுவிடம் கொடுத்தாள். அதற்கும் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது அழைப்பு வந்துவிட்டது.

அன்றைக்கு விடுமுறை என்றாலும் ஷ்யாம்பஜாரில் இரண்டு வீடு இருந்தது. அதை முடித்துக்கொண்டு, வேலைப் பை தோளில் தொங்க, கையில் ஒரு பெட்டி சந்தேஷோடு பத்து மணிக்குப் பாருயி கடைக்குப் போய்ச் சேர்ந்தாள். தெரு முழுக்கக் கடைகளின் முகப்பில் மாவிலையும் சாமந்தியும் தொங்கின. வெயில் மண்டையைப் பிளந்தது. கடைக்குள் மேசைகளை ஓரம் தள்ளி இருபது நாற்காலி போட்டிருந்தார்கள். பத்திரிகையில் படமாகப் பார்த்த முகங்கள் எல்லாம் அங்கே இளநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தன.

"வாங்க தீதி, வாங்க! சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்று திபாகர் பாருயி வாசலுக்கே வந்துவிட்டார். பட்டுக் குர்தாவில் சென்ட் வாசனை. "உட்காருங்க. சான்யால் மஷாய் கை கழுவப் போயிருக்கார்."

நாற்காலி கொடுத்தார்கள். இளநீர் வந்தது. பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர், சரித்திர நாவல் எழுதுகிறவர், "புதுசா? என்ன நாவல்?" என்று கேட்டார். ஷெபந்தி சொன்னாள். "வெறும் வயிறு. நல்ல தலைப்பு" என்றார். அவ்வளவுதான், அந்த ஒரு வாக்கியத்தில் ஆறு வருஷத்து முதுகுவலி போய்விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. கண் கலங்கியது. அப்போது அந்த நோட்டு வந்தது. சிவப்புத் துணி அட்டை. இடது பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள், வலது பக்கம் மேலே காலியாக இருந்தது. யோசித்து யோசித்து ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த வரி ஒன்று வைத்திருந்தாள். பேனாவைத் திறந்து முதல் வார்த்தையை எழுதினாள்.

நோட்டு நகர்ந்தது. திபாகர் பாபு அதை அவள் மடியிலிருந்து எடுத்துக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் அப்புறம் தீதி. மெஷின் கொண்டு வந்திருக்கீங்கல்ல?"

"எந்த மெஷின்?"

"சர்க்கரை பார்க்கற மெஷின். சான்யால் மஷாய்க்குப் போன வாரம் நானூறு தாண்டிடுச்சு. பார்க்காம ஒரு வாய் வைக்கக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. அவரோ லுச்சி இல்லைன்னா வரவே மாட்டேன்னுட்டார். அதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க இல்லாம முடியாதுன்னேனே!"

கண்ணாடிக்காரர் ஷெபந்தியின் தோளில் தொங்கிய பையை அப்போதுதான் பார்த்தார். "ஓ" என்றார். தன் நாற்காலியை அரை அடி நகர்த்திக்கொண்டு நோட்டில் எழுதத் தொடங்கினார்.

ஷெபந்தி அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. பதினெட்டு வருஷப் பாவிப் பழக்கம், கை தானாகப் பையைத் திறந்தது. சான்யால் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்து இடது கையை நீட்டிவிட்டார், முகத்தைக்கூடப் பார்க்காமல். அவள் நடுவிரலைப் பிடித்து ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். அப்போதும் ஒரு நப்பாசை விடவில்லை. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன்னையே அறையத் தோன்றும்.

"மஷாய், என் நாவலை நீங்க படிச்சதா திபாகர் பாபு சொன்னார். 'வெறும் வயிறு'."

சான்யால் நிமிர்ந்து திபாகரைப் பார்த்தார். திபாகர் புருவத்தை உயர்த்தினார். ஒரு கண நேரம்தான். ஷெபந்தி பார்த்துவிட்டாள்.

"ஆமா, ஆமா. படிச்சேனே மா. நல்ல நடை."

"முடிவு இருட்டா இருக்குன்னு சொன்னீங்களாம்."

"முடிவு... ஆமா, முடிவைக் கொஞ்சம் பார்க்கணும்."

"மாத்திக் கொடுத்தேனே. அது?"

"அதுவும் பார்த்தேன். அதையும் கொஞ்சம் பார்க்கணும்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பெரிய மனிதர் சொன்னால் சிரிப்பு வரத்தானே செய்யும்.

"காஜல் கடைசியில என்ன பண்றா மஷாய்?"

லுச்சியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. சான்யால் அதையே பார்த்தார். "என்ன பண்ணுவா பாவம். கஷ்டப்படுவா" என்றார்.

ஷெபந்தி அவர் விரலை விட்டாள். "திபாகர் பாபு, என் பொட்டலத்தை எடுத்துக் கொடுங்க."

"இன்னைக்கா? நல்ல நாளும் அதுவுமா எங்கேன்னு தேடறது? எடிட்டிங்ல இருக்கு தீதி. ரீடர் வீட்டுல..."

"அந்த நீல ரப்பர் கட்டினதா தீதி?" என்றார் கேஷ்டோ. நாற்பது வருஷமாக அந்தக் கடையில் பொட்டலம் கட்டுகிற மனுஷர், சூதுவாது தெரியாதவர். "அது மாடிப்படிக்கு அடியிலதான் இருக்கு. தரை மேடுபள்ளமா இருக்குல்ல, காலையில இளநீர்க் கூடைக்கு முட்டுக் கொடுத்தேன். இருங்க, எடுத்துட்டு வர்றேன்."

திபாகர் "கேஷ்டோ!" என்று அதட்டுவதற்குள் அவர் போய்விட்டார். கொண்டு வந்து கொடுத்தார். உறையின் ஒரு ஓரம் ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. மேலே வெள்ளைச் சீட்டு ஒரு நூல்கூடக் கிழியாமல் ஒட்டியபடி இருந்தது. மூன்று வருஷம் இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி. அவள் கையெழுத்து. நீல ரப்பர் காய்ந்து விறைத்து உறையோடு பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ரப்பருக்கு அடியில், போன வருஷம் கொடுத்த புதிய அத்தியாயத்தின் உறை செருகியிருந்தது. அதுவும் பிரிக்கவில்லை.

யாரோ இளநீரின் கடைசிச் சொட்டை உறிஞ்சிய சத்தம் மட்டும் கேட்டது.

"இதுல கண்ணுல தண்ணி வந்தது யாருக்கு?" என்றாள் ஷெபந்தி. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "சொல்லுங்க திபாகர் பாபு. உறைக்கு மேலேயே படிச்சு அழுதவர் யார்? முடிவு இருட்டுன்னு கண்டுபிடிச்சவர் யார்? டார்ச் அடிச்சுப் பார்த்தாரா? நான் எட்டு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டு என் கதையை நானே கழுத்தை நெறிச்சேன்யா! பிரிக்கக்கூட இல்லையே! பிரிச்சுப் பார்த்துட்டு, குப்பைன்னு சொல்லித் தூக்கிப் போட்டிருந்தா கையெடுத்துக் கும்பிட்டிருப்பேனே!"

"மெதுவா தீதி, பெரியவங்க இருக்காங்க..."

"பெரியவங்களா? இவரா?" அவள் சான்யாலைக் காட்டினாள். "வாயில லுச்சி போறதுக்கு முன்னாடியே பொய் வருது. இதுக்கு ஒரு மெஷின் இல்லாமப் போச்சே!"

கண்ணாடிக்காரர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "இதெல்லாம் சகஜம்மா. எனக்கு முதல் நாவலுக்கு ஏழு வருஷம் ஆச்சு" என்றார், ஏதோ பதக்கத்தைக் காட்டுகிற மாதிரி. மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். இருபது பேர், எழுத்தையே தொழிலாகக் கொண்ட இருபது பேர். ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

திபாகர் பாபு வியாபாரி. அவருக்கு வார்த்தை கிடைத்தது. ஷெபந்தியைப் புத்தக அடுக்குக்குப் பக்கத்தில் ஒதுக்கிக் கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினார். "கோவத்துல நியாயம் இருக்கு. நான் இல்லைன்னு சொல்லலை. மாசம் எம்பது பொட்டலம் வருது, எத்தனையைப் பிரிக்கறது? வர்றவங்க மனசு நோகக் கூடாதேன்னுதான் ஏதோ நாலு நல்ல வார்த்தை சொல்றது. சரி, விடுங்க. இந்தப் புத்தகக் கண்காட்சிக்கே கொண்டு வந்துடலாம். எங்களுக்கு இன்னொரு பதிப்பகப் பேர் இருக்கு, 'புதுத்துளிர்'. நீங்க முந்நூறு பிரதி வாங்கிக்கிட்டாப் போதும். அட்டை நான் பார்த்துக்கறேன்."

"படிக்காமலேயா?"

"படிக்கறதுக்கு என்ன தீதி, புரூஃப்ல படிச்சுக்கலாம்."

"என் காசுல அடிச்சு, நானே வாங்கி, நானே விக்கணும். அப்புறம் நீங்க எதுக்கு?"

"பேருக்கு" என்றார் அவர். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார். "உங்க தம்பி அடிச்சுக் கொடுப்பான். எந்தக் கடைக்காரன் அதை அலமாரியில வைப்பான்? எந்தப் பத்திரிகை மதிப்புரை போடும்? எங்க பேர் முதுகுல இருந்தா நாலு பேர் தொட்டாவது பார்ப்பாங்க. வீட்டுல போய் யோசிங்க."

அவர் சொன்னது பொய் இல்லை என்பதுதான் ஷெபந்திக்குக் கொள்ளிக்கட்டையாகச் சுட்டது. மூன்று வருஷத்தில் அந்த ஆள் சொன்ன முதல் உண்மை அது.

"மா, என் சர்க்கரை?" என்று சான்யால் கூப்பிட்டார். துடைத்த விரலை இன்னும் நீட்டியபடி இருந்தார். "லுச்சி ஆறிடுச்சு."

ஷெபந்தி அந்த விரலைப் பார்த்தாள். சுருங்கிய தோல், நகத்தில் மசிக்கறை. மெஷினை மூடினாள். பஞ்சு, ஊசி, சீட்டு ஒவ்வொன்றையும் அதன் அதன் அறையில் வைத்துப் பையின் ஜிப்பை இழுத்தாள். பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மேசை மேல் வைத்த சந்தேஷ் பெட்டியையும் விடவில்லை, எடுத்துக்கொண்டாள். கேஷ்டோவிடம் மட்டும் "வர்றேன்" என்றாள். குளிரூட்டிய கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்தவள் அதைச் சாத்தாமலே தெருவில் இறங்கினாள். "ஏம்மா, கதவு!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள்.

பட்டுவாடோலா சந்தில் ஹாபுல் அச்சு இயந்திரத்துக்குச் சாமந்தி மாலை போட்டுக்கொண்டிருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் பொட்டலத்தை மேசை மேல் வைத்தாள். அவன் வெள்ளைச் சீட்டைப் பார்த்தான், தேதியைப் படித்தான், மறுபடி பார்த்தான்.

"அயோக்கிய நாயி" என்றான். "வா தீதி, போய் அவன் குர்தாவைக் கிழிச்சுட்டு வருவோம்."

"உட்கார். கத்தி எங்கே?"

காகிதம் வெட்டுகிற கத்தியை எடுத்து அவளே சீட்டைக் கிழித்தாள். ரப்பர் தொட்டதும் பொடிந்து விழுந்தது. ஈரம் முதல் பத்துப் பக்கத்தோடு நின்றிருந்தது. அவள் அடியிலிருந்து கட்டைப் புரட்டினாள். கடைசி அத்தியாயம். முந்நூற்று ஒன்றாம் பக்கத்திலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரை. தன் கையால் அழித்தது, தண்ணீரில் கூழானது, உலகத்தில் வேறு எங்கேயுமே இல்லாதது. எழுத்துப் பிசகாமல் இருந்தது.

சத்தமாகப் படித்தாள். ஹாபுல் கேட்டான். காஜல் ரப்பரை அவிழ்க்கிற இடத்திலும் அவள் நிறுத்தவில்லை. கதவைத் திறந்து போட்டபடி காஜல் படியிறங்கும் இடத்துக்கு வந்தபோது ஹாபுல் மூக்கை உறிஞ்சினான்.

"பிரிச்சிருந்தா இதைப் போய் மாத்தச் சொல்லியிருப்பானா?" என்றான்.

"பிரிச்சிருந்தா இது எனக்குத் திரும்பக் கிடைச்சிருக்காது. குப்பையில போட்டிருப்பான்." அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அவன் திமிர்தான்டா இதைக் காப்பாத்தியிருக்கு. அதை நினைச்சாத்தான் இன்னும் எரியுது."

புதிய அத்தியாயத்தின் உறையை அவள் பிரிக்கவில்லை. அப்படியே அச்சகத்துக் கழிவுக் காகிதக் கூடையில் போட்டாள். "பழசை ஏத்து. முந்நூறு பிரதி. இன்னைக்கே ஆரம்பி."

ஹாபுல் தலையைச் சொறிந்தான். "அடிக்கறது ஒரு வாரத்து வேலை தீதி. ஆனா நான் உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். கடைக்காரன் எடுக்க மாட்டான். கண்காட்சியில சிறுபத்திரிகைக்காரங்க மேசையில ஒரு ஓரம் கேட்டு வாங்கலாம், நீதான் நாள் முழுக்க நின்னு கூவணும். முந்நூறுல இருநூறு கட்டிலுக்கு அடியில கிடக்கும்."

"கிடக்கட்டும். பிரிச்சுப் படிக்கற நூறு பேர் போதும்."

"பதிப்பாளர்ன்னு யார் பேரைப் போடறது? 'மா தாரா பிரிண்டர்ஸ்'னு என் அச்சகத்துப் பேரைப் போட்டா சிரிப்பாங்க. ஏதாவது பதிப்பகம் மாதிரி ஒரு பேர் வெச்சுப் போட்டுடலாமா? நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. பார்த்தா சொந்தமா அடிச்சதுன்னு தெரியாது."

நேற்றாக இருந்தால் அவள் அதைத்தான் கேட்டிருப்பாள். "ஷெபந்தி மாஜின்னு போடு" என்றாள். "எழுதினது ஷெபந்தி மாஜி, வெளியிட்டது ஷெபந்தி மாஜி. ரெண்டும் ஒரே அளவு எழுத்துல. தெரியட்டும். நல்லாத் தெரியட்டும்."

இரண்டு பேரும் சந்தேஷ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் நூறு பக்கம் சரிபார்த்தார்கள்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை காலை. மணி ஏழேகால். ஷெபந்தி அன்றைக்குப் பாக்பஜார் பக்கமே போகவில்லை. அச்சகத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கடைசி அத்தியாயத்தின் புரூஃபில் ஒரு எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. திபாகர் பாருயி.

"தீதி, என்னாச்சு? ஆறரையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்! நேத்து ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது, தேநீர்கூடக் குடிக்கலை. எப்ப வருவீங்க?"

"உங்க பேர் லிஸ்ட்ல இருக்கு திபாகர் பாபு" என்றாள் ஷெபந்தி. "அவசரப்படாதீங்க."

அவர் குரல் இறங்கி வந்தது. "என்ன தீதி இது, விளையாட்டா? தலை சுத்துது. வெறும் வயித்துல மனுஷன் எவ்வளவு நேரம்தான் கிடக்கறது?"

"நான் மூணு வருஷம் கிடந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.